இறங்காத சோறு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மூன்று பெண்கள் துடியலூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை. அதன் மூலையில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வும் நாலு பாத்திரமும் இருந்த இடம்தான் சமையல்கட்டு. மூவருக்கும் ஒரே மோட்டார் கம்பெனியில் வேலை. காலை எட்டரைக்கு வரிசையாக உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தாமிரக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்ற வேண்டும். வார்னிஷ் வாடை விரலை விட்டுப் போகாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பிசைகிற சோற்றில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

மூத்தவளை அக்கா என்றே கூப்பிட்டோம். முப்பத்தைந்து வயதிருக்கும். கொடுமுடிப் பக்கம் தோட்டம், கிணறு, மஞ்சள் வெள்ளாமை என்று வசதியான குடும்பம். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, அங்கேயும் இருக்க முடியாமல் வேலை தேடி வந்தவள். இன்னொருத்தி ஈரோட்டுக்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண், என் வயதுதான். நான் அவினாசிப் பக்கம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். என் அப்பா காலத்தில் நாங்கள் சர்ச்சில் சேர்ந்தோம். அதற்காக ஊருக்குள் எங்கள் கையில் பட்டுவிடாமல் தூக்கி ஊற்றுகிற தண்ணீரின் உயரம் குறைந்துவிடவில்லை.

அறைக்கு வந்த முதல் வாரமே அக்காவிடம் அதைச் சொல்லிவிட நினைத்தேன். பிறகு தெரிந்து அவள் முகம் மாறுவதைப் பார்ப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மேல். சோறு வடித்துக்கொண்டே, "அக்கா, நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்றேன்.

"தெரியுங் கண்ணு. பசிக்குது, சோத்தப் போடு," என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஒரே குண்டாவில் அரிசிம்பருப்பு சாதத்தைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, அவள் உருட்டிக் கொடுப்பாள். நானும் ஈரோட்டுக்காரியும் கையேந்தி வாங்கித் தின்போம்.

ஆளுக்கு இரண்டு நாள் சமையல் முறை. ரேஷன் அரிசிதான். காய்க்குச் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போவோம். அடிபட்ட தக்காளியையும் வாடிய கீரையையும் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஈரோட்டுக்காரிக்குச் சமையலில் நாட்டம் கிடையாது. அவள் முறை வந்தால் குழைந்த சோறும் தண்ணீர் போன்ற ரசமும்தான். என் சமையல் வேறு மாதிரி. சோறு பொலபொலவென்று இருக்கும், கொள்ளுப் பருப்பில் மிளகாய் தூக்கலாக இருக்கும். "உன்ற கைக்கு ஒரு தெம்பு இருக்குது" என்று அக்கா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டவ் பற்ற வைப்பதில்லை. சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குப் போய், பரோட்டா இரண்டு தட்டு வாங்கி மூவரும் பங்கிட்டு, சால்னாவை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவோம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. என் வாழ்க்கையில் வயிறும் மனசும் சேர்ந்து நிறைந்திருந்த காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் மகனுக்குக் காதுகுத்து என்று அக்கா ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாள். அதற்குப் பிறகுதான் மாற்றம் என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவைப் பொடிப்பொடியாகப் பிய்த்து ஊறவைத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் முடித்த பிறகும் அவள் பங்கில் பாதி கிடந்தது. "வவுறு மந்தமா இருக்குது" என்றாள். வீட்டிலும் குண்டாவில் பிசைந்து கொடுப்பது நின்றது. தனியாகத் தட்டில் போட்டு, ஒரு ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்தேன். ஈரோட்டுக்காரி சமைக்கிற நாட்களில் அக்கா சாப்பிட்டாள். நான் சமைக்கிற நாட்களில் இரண்டு வாய்க்கு மேல் எடுக்கவில்லை.

வேறு யாராவது என்றால் வேறு என்னவோ நினைத்திருப்பார்கள். எனக்கு நினைக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊருக்குப் போனபோது, யாரோடு தங்கியிருக்கிறாய், யார் பொங்குகிறார்கள் என்று விசாரித்திருப்பார்கள். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டாம்.

ஒரு மத்தியானம் கம்பெனியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டேன். நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றை அப்படியே மதில் ஓரத்து நாய்க்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ற கைச்சோறு உங்களுக்கு எறங்க மாட்டேங்குதுங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. மெதுவாக, "ஆமாங் கண்ணு, எறங்க மாட்டேங்குது," என்றாள்.

ஈரோட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "இத மொத வாரமே சொல்லியிருக்கலாமுங்க," என்றேன். அக்கா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே போய் வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த நாளே ஒரு திரி ஸ்டவ் வாங்கி வந்து எதிர் மூலையில் வைத்தேன். என் அரிசி, என் உப்பு, என் எண்ணெய் எல்லாம் தனி. ஒரே அறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. அக்காவும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஈரோட்டுக்காரியைப் பார்த்துச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வராமல் எங்காவது சுற்றிவிட்டு, பன்னும் டீயும் சாப்பிட்டு வருவேன். அவர்கள் இருவரும் கடைக்குப் போனார்களா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா இளைத்துக்கொண்டே வந்தது தெரிந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்குப் போட்டிருந்தாள். மனசு உறுத்துகிறது, அதுதான் இளைக்கிறாள், உறுத்தட்டும் என்று நினைத்தேன். அதை எழுதுவதற்கு இப்போதும் கை கூசுகிறது.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. ஒரு நாள் வேலை நேரத்தில் அக்கா தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் அப்படியே திரும்பி வந்தது. இருமி இருமி, சுற்றி வைத்த கம்பிச் சுருள்களின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மேஸ்திரி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். நானும் ஈரோட்டுக்காரியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். என் கையில் அவள் முழங்கை வெறும் எலும்பாக இருந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. முக்கால்வாசி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மாதமாக விழுங்கக் கஷ்டம் என்று கேட்டார்.

"எட்டு மாசமாச்சுங்க," என்றாள் அக்கா. "மொதல்ல பரோட்டாதானுங்க சிக்குச்சு. அப்பறம் காரம். அப்பறம் பொலபொலன்னு இருக்கற சோறு. கொழஞ்ச சோறு மட்டும் போயிட்டிருந்துச்சுங்க. இப்ப அதும் இல்லீங்க."

பொலபொலவென்று இருக்கிற சோறு என் சோறு.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆபரேஷன் செய்கிற நிலை தாண்டிவிட்டது என்று சொல்லி, வயிற்றில் ஓட்டை போட்டு, கஞ்சி ஊற்றக் குழாய் வைத்து அனுப்பினார்கள். அண்ணன் வந்து காரில் ஊருக்கு அழைத்துப் போனார்.

அடுத்த மாதம் நானும் ஈரோட்டுக்காரியும் லீவு போட்டு பஸ் மாறி மாறிக் கொடுமுடிப் பக்கம் போனோம். தோட்டத்து வீடு. அக்காவின் அண்ணி வாசலுக்கு வந்து, "வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க," என்று சிரித்து வரவேற்றாள். தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவள் நின்று, ஈரோட்டுக்காரியிடம், "நீங்க ஈரோடுங்களா? தறிக்காரவியளா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானுங்களா அந்த அவினாசிப் புள்ள? சொல்லியிருக்காங்க, சொல்லியிருக்காங்க," என்றாள். ஒரு வார்த்தை மரியாதை குறையவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஈரோட்டுக்காரிக்கு வீட்டுக்குள் இலை போட்டார்கள். எனக்கு வாசலில், களம் பார்த்த பக்கம், சாக்கை விரித்து இலை போட்டார்கள். "காத்தோட்டமா இருக்குமுங்க," என்றாள் அண்ணி. ஈரோட்டுக்காரி நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். பசி. ரசம் வரைக்கும் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இலையை நானே எடுத்துப் போட்டேன்.

அக்கா படுத்திருந்த அறைக்குள் நான் போகவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வெளிப்பக்கம் ஜன்னல் இருந்தது. ஈரோட்டுக்காரி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து எழுந்த பிறகு, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றேன். முகத்தில் கண் மட்டும்தான் மீதி இருந்தது.

"நேத்து என்ன செஞ்சீங்க கண்ணு?" என்றாள். குரல் காற்றாக வந்தது.

கத்தரிக்காய் என்றேன். எப்படி வதக்கினாய், பூண்டு போட்டாயா, எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி அப்படிப் பேசிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க அக்கா," என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "நீ என்ன நெனச்சுட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங் கண்ணு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. அப்பறம் ஊருக்கு அனுப்பிப்போடுவீங்க. இந்த ஊட்டுல வந்து படுக்கோணும். நீ கோவிச்சுட்டுத் தள்ளி உக்காந்ததும், சரி, இப்படியே இருக்கட்டும், பக்கத்துல இருந்தாத்தான நீ கண்டுபுடிப்பேன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சுன்னுதான் நெனச்சேன்."

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டே வந்தது. தன் பயத்தை மறைக்க அவளுக்கு ஒரு மறைப்பு தேவைப்பட்டது. என் ஆட்கள் காலகாலமாகப் பட்ட அவமானம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு மாதம் எதிர் மூலையில் உட்கார்ந்து நான் தின்ற ஒவ்வொரு கவளத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். அவளும் வேறு வழியில்லாமல்தான் செய்தாள். இரண்டும் உண்மை. இத்தனை வருடமாகியும் ஒன்று மற்றொன்றைக் கரைக்கவில்லை.

"வாரேனுங்க அக்கா," என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் ஈரோட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கரூர் ரோட்டைத் தாண்டிய பிறகு, "நான் உள்ள உக்காந்து சாப்பிட்டத அக்காகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நான் எந்திரிச்சு வந்திருக்கோணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா இறந்த செய்தி கம்பெனி ஆபீசுக்கு யாரோ போன் செய்து, ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. காரியமெல்லாம் முடிந்திருந்தது. ஈரோட்டுக்காரியும் நானும் மறுபடி சேர்ந்துதான் சமைத்தோம், ஆனால் முன்போலப் பேச்சு ஓடவில்லை. ஒருவர் முறையில் மற்றவர் குறை சொல்வதுகூட நின்றுபோயிற்று. சித்திரையில் அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். அங்கே மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். யார் சமைத்தது என்று தெரியாது. யார் எவ்வளவு மீதி வைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ரொம்ப நாளைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.