கருப்பசாமியிடம் நான் சொன்ன ‘நாளைக்கு’

1. ஸ்டியரிங்கோடு ஒரு கம்ப்யூட்டர்

கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு பில்லிங் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடைகளுக்கு பிரிண்டர், பள்ளிக்கூடங்களுக்கு லேப் என்றுதான் என் பிழைப்பு ஓடியது. கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு என் கடைக்கு முதலில் வந்தவர் காலேஜ் பையன் இல்லை. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண். பெயர் பேச்சியம்மாள். ஆடு மேய்க்கிறவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

மடியிலிருந்து போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, திரையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த கேமு ஓடுத மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும் அண்ணாச்சி. ஸ்டியரிங்கோட.”

“யாருக்கும்மா? பிள்ளைகளுக்கா?”

“எங்க வீட்ல அவியளுக்கு.”

அவருடைய கணவர் கருப்பசாமி பதினாறு வருடம் லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன்பு, உப்பு லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்திருக்கிறார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றிலிருந்து கட்டில்தான்.

“கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இந்த வீடியோவத்தான் பாத்துக்கிட்டே கெடக்காவ. ஒருநாளாவது ஓட்டணும்ங்காவ. இந்த மூணு வருசத்துல வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான் அண்ணாச்சி.”

ஆடு விற்ற பணம் இருபத்தைந்தாயிரம் இருக்கிறது என்றார். புது சாமான் போட்டால் இந்தப் பணத்துக்குப் பாதிக் கம்ப்யூட்டர்கூடத் தேறாது என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“பழசாப் போடுங்க. ஓடுனாப் போதும்.”

2. எங்கே குறைத்தேன்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சென்னையில் கம்பெனிகள் கழித்துப் போடும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். அப்படி ஒரு ஐ-ஃபைவ் வாங்கினேன். எட்டு ஜிபி ரேம் அதிலேயே இருந்தது. டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. மட்டும் புதிது. மானிட்டர், கடையில் கிடந்த பத்தொன்பது இஞ்ச். நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்றும், பெடலோடு கூடிய ஸ்டியரிங் ஒன்றும் மதுரையில் செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். கேபினெட்டைத் திறந்துவைத்து கார்டைச் செருகியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். இந்த கார்டுக்குப் பத்தாது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டால் பட்ஜெட் தாண்டும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் சரிக்கட்டலாம். ஆனால் ஸ்டியரிங் இல்லாமல் அந்த மனிதருக்கு இந்தக் கம்ப்யூட்டரே தேவையில்லை.

ராக்கில் நானூற்றைம்பது வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவான பெட்டி ஒன்று இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனக்கும், உள்ளே சாமான் இருக்கும். இது எனக்கு முதல் வருடமே தெரிந்த விஷயம். தெரிந்தும் அதைத்தான் போட்டேன். லாரி கேம்தானே, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடும், தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3. ராங் சைடு

நானே பைக்கில் கட்டிக்கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். கருப்பசாமி முதுகுக்கு ரெண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நல்ல அகலமான தோள். கால்கள் மட்டும் போர்வைக்குள் சூம்பிக் கிடந்தன. பேச்சியம்மாள் கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

காலால் பெடலை மிதிக்க முடியாது என்பதால், ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களுக்கு மாற்றி வைத்திருந்தேன். கருப்பசாமி வண்டியை நகர்த்தினார். ஐம்பதடி போவதற்குள் நிறுத்திவிட்டார்.

“அண்ணாச்சி, பட்டன அமுக்குனா ஒரேடியா முழு மிதி மிதிக்கிது. லோடு வண்டிய இப்பிடி எடுத்தா கியர் பாக்ஸ் கையில வந்துரும்.”

அவர் சொன்னது சரிதான். பட்டனுக்குக் கொஞ்சம், நிறைய என்பது கிடையாது. அந்த வீட்டிலேயே ஒரு பலகையைத் தேடி எடுத்து, பெடலை அதில் ஸ்க்ரூ போட்டு, கட்டிலின் இடப்பக்கம் கை எட்டும் உயரத்தில் கட்டினேன். வலது கையில் ஸ்டியரிங், இடது உள்ளங்கையில் ஆக்சிலேட்டர்.

இந்த முறை வண்டி மெதுவாக நகர்ந்தது. வெளிநாட்டு ரோடு. எல்லா வண்டியும் வலப்பக்கம் போகும்.

“ஏட்டி, இங்கன வந்து பாரு. ஊருல உள்ளவன் பூரா ராங் சைடுல வாரான்!” என்று கருப்பசாமி சத்தமாகச் சிரித்தார். பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, சிரிக்கிற முகத்தைத்தான் பார்த்தார்.

புறப்படும்போது கருப்பசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏதாச்சும் ரிப்பேர்னா நீங்கதான் வரணும் அண்ணாச்சி. பாதியில வண்டி நின்னுட்டா டிரைவருக்கு வேற நாதி கெடையாது.”

“ஒரு போன் போடுங்க. வந்துருதேன்” என்றேன்.

4. நாளைக்கு வாரேன்

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்தபோது ஒரு காலையில் பேச்சியம்மாள் கூப்பிட்டார். இடி இடித்துக் கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் பெட்டியில் டப்பென்று சத்தம், தீய்ந்த நாற்றம். எந்தச் சாமான் போயிருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த லேசான பெட்டி. போகும்போது அநேகமாக மதர்போர்டையும் கொண்டுபோயிருக்கும்.

“நாளைக்கு வாரேம்மா” என்றேன்.

மறுநாள் மழை. அந்தப் பக்கம் கரிசல் மண் நனைந்துவிட்டால் பைக் சக்கரம் சுற்றாது; அது உண்மைதான். ஆனால் அதற்கடுத்த நாள் வெயில் அடித்தது. அன்றும் நான் போகவில்லை. வெறுங்கையோடு போனால் என்ன சொல்வது? அந்தப் பழைய மாடல் போர்டு இங்கே கிடைக்காது. சென்னையில் சொல்லிவைத்திருந்தேன். என் செலவில் மாற்ற வேண்டியது என்பதால் மலிவாக வரட்டும் என்று காத்திருந்தேன். இதைப் பேச்சியம்மாளிடம் சொன்னால், எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு முறை போன் வந்தபோதும் ஒரே பதிலைச் சொன்னேன்.

இது நம் தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில். டி.வி. மெக்கானிக் சொல்வார், மோட்டார் வைண்டிங் கடைக்காரர் சொல்வார். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

ஆறாவது நாள் கருப்பசாமியே பேசினார்.

“அண்ணாச்சி, வாரியளா?”

“நாளைக்குக் கண்டிப்பா வாரேன்.”

“காலையிலயா, மத்தியானமாண்ணாச்சி?”

“காலையிலதான்.”

“சரி அண்ணாச்சி. பாத்து வாங்க, ரோடு மோசமாக் கெடக்கு.”

எட்டாவது நாளுக்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பதினோராவது நாள் சாயங்காலம் கூரியரில் போர்டு வந்தது. ராக்கிலேயே கனமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் கிளம்பினேன்.

5. கட்டில்

அந்தத் தெருவில் திரும்பியதும் கட்டிலைத்தான் முதலில் பார்த்தேன். கழுவி, வெளிச்சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். பக்கவாட்டில் நான் ஸ்க்ரூ போட்டுக் கட்டிய பலகை அப்படியே இருந்தது. வாசலில் பெஞ்சு போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

படுக்கைப்புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, கருப்பசாமியைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். முந்தாநாள் எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கண்டதும் பேச்சியம்மாள் எழுந்து வந்தார். கையில் நான் வைத்திருந்த பையைப் பார்த்தார். எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“நான் போட்ட எஸ்.எம்.பி.எஸ். நல்லதில்லம்மா. தெரிஞ்சேதான் போட்டேன்” என்றேன்.

“அதெல்லாம் எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும். காசுக்குத் தக்கன போட்டிய.” பிறகு சொன்னார்.

“நீங்க ‘நாளைக்கு’ன்னு சொல்லச் சொல்ல, அவிய தெனமும் காலையில சவரம் பண்ணிவிடச் சொல்லி, நல்ல சட்டையாப் போட்டுவிடச் சொல்லி உக்காந்திருப்பாவ. புண்ணு வலிக்கும், ஒருக்களிச்சுப் படுங்கன்னு சொல்லுவேன். ‘ஆளு வருத நேரத்துல படுத்துக் கெடந்தா நல்லாவாட்டி இருக்கும்’பாவ. சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே உக்காந்திருப்பாவ. பத்து நாளு ஆகும், பதினஞ்சு நாளு ஆகும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தியன்னா, அவிய பாட்டுக்குப் படுத்திருப்பாவ அண்ணாச்சி.”

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். புண் ரொம்ப நாளாகவே இருந்தது என்று பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். டாக்டரும் அப்படித்தான் சொன்னாராம். இருக்கலாம். மூன்று வருடம் கிடந்த உடம்பு. ஆனால் அந்த ஒரு வாரம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது எனக்காகத்தான்.

6. இளையவர்களுக்கு

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பேச்சியம்மாள் என்னை வரச் சொன்னார். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு ஆடு வாங்க ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் தந்த பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அதனால் எதுவும் சரியாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

எவ்வளவு இறுக்கமான பட்ஜெட்டாக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்காதீர்கள். முடியாவிட்டால் முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். இது தொழில் பாடம். அடுத்து மாட்டுகிற கம்ப்யூட்டரிலேயே திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றைத் திருத்திக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. வாய் பழகிவிட்டது. போன் அடித்ததும் ‘நாளைக்கு’ என்ற சொல் தானாக வரும். அதை நிறுத்த வேண்டியிருந்தது. ரிப்பேரான சாமானுக்கு முன்னால் யார், எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது போனில் தெரியாது.

போன வாரம் ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். பார்ட் வர பன்னிரண்டு நாள் ஆகும் என்றேன்.

“என்ன அண்ணாச்சி, பக்கத்துக் கடையில நாளைக்கே தாரேங்காவ?”

“எனக்குப் பன்னெண்டு நாள் ஆகும்ங்க.”

அவர் கோபமாக லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.