தீபாவளி லீவில் ஓர் இழவு

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். வேலம்பாளையத்தில் நான் குடியிருந்த லைன் வீட்டில் பன்னிரண்டு கதவுகள். அந்த வருடம் பதினொன்றில் பூட்டு தொங்கியது. மிச்சமிருந்த கதவுக்குப் பின்னால் நான் மட்டும் சோறு பொங்கி, நான் மட்டும் தின்றேன். பேசவும் ஆளில்லை, சண்டை போடவும் ஆளில்லை.

ஊர் இல்லாமல் இல்லை. தெற்கே அம்மா இருந்தாள். அவள் முகத்தில் விழிக்கத்தான் தைரியமில்லை. அந்த ஆடி மாதம், "ஐயாவுக்கு ரொம்ப முடியலை, உடனே வா" என்று கம்பெனிக்குப் போன் வந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயாவுக்கு வருடத்துக்கு நாலு தடவை ரொம்ப முடியாமல் போகும். மறுநாள் ஷிப்மென்ட். பனியன்களில் ஓட்டை, கறை பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலை எனக்கு. சரக்கு ஏற்றி முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இருந்துவிட்டேன். போய் இறங்கியபோது ஐயாவை எரித்தே முடித்திருந்தார்கள். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"சரக்கு ஏத்தியாச்சாட்டி?"

எனக்கு அழுகையே வரவில்லை. அதன்பிறகு அம்மா என்னோடு பேசவுமில்லை.

லீவின் நான்காம் நாள், சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் சீரியல் படம் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மா ஒருநாள் விடாமல் பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கும் சீரியல். வேலைவெட்டி இல்லாதவள், பஸ் ஏறினேன்.

அன்றைக்கு இழவுக் காட்சி. வாசல் பெஞ்சில் ஒரு பெரியவரை மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து அழ ஆள் போதவில்லை. வேடிக்கை பார்த்த பெண்களிடம் உதவி டைரக்டர் கெஞ்சினார். ஒருத்தியும் அசையவில்லை.

"தீவாளி நோம்பி நாளுங்க. உசுரோட இருக்கறவருக்கு எப்படிங்க தலைய விரிச்சுப் போட்டு அழுவறது? ஆவாதுங்க" என்றார் ஓர் அம்மா.

நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு என்ன நோம்பி வாழ்கிறது!

கேமரா ஓட ஆரம்பித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிணத்தின் வயிறு ஏறி இறங்கியது. சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளை பனியன் துணிக் கீற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகப் போகும் வேஸ்ட் துணி. ஐயாவின் கால்களை இப்படி ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"என்னப் பெத்த ஐயா! நான் வந்துட்டேன் ஐயா!" என்று கத்தினேன். கட் சொன்ன பிறகும் எனக்கு நிற்கவில்லை. பிணம் கால்கட்டோடு எழுந்து உட்கார்ந்து, "யாராச்சும் இந்தம்மாவுக்கு ஒரு டீ குடுங்கப்பா" என்றது.

சில வாரம் கழித்து அது டிவியில் வந்தது. ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன். என் முகம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் குரலை எடுத்துவிட்டு வேறு யாரோ ஒருத்தியின் வெறும் அழுகையைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டு மதினிக்குப் போன் போட்டேன். அம்மா பார்த்தாளா என்று கேட்டேன்.

"பாத்தாங்க. 'சத்தம் எவளோடதோ, ஆனா எம்மவ வாயி ஐயா ஐயான்னுல்லா அசையுது'ன்னாங்க. பெறவு எந்திரிச்சிப் போயிட்டாங்க. இந்தா, இங்கனதான் நிக்காங்க, குடுக்கேன்."

போன் கை மாறியது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அம்மா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஐயா என்றுதான் வந்தது.

அம்மா அழ ஆரம்பித்தாள்.