எங்கே என்று கேட்காத வாய்

கண்டக்குழியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் கடற்கரை விடுதிகள் கடலில் விளையாட வரும் வெள்ளைக்காரரால் நிரம்பிவிடும். அப்படி ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் என்னைப் பரீட்சைக்காக வைத்திருந்தார்கள். காற்றுக்காலம் முடிவதற்குள் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் சும்மா குந்தியிருக்க என்னால் முடியாது.

பயமெல்லாம் இங்கிலீஷில்தான். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று படித்து வந்தவள் நான். இங்கே 'செக்' விருந்தாளி வரும்போது ஒன்று, பாங்கில் ஒன்று, சட்டைத் துணியில் இன்னொன்று. 'சார்ஜ்' போனுக்கும் உண்டு, அறைக்கும் உண்டு. தேத்தண்ணி வேண்டுமா என்றால் 'ஃபைன்' என்பார்கள். நல்லது என்று கொண்டுபோய் வைப்பேன், அது ஆறிக் கிடக்கும், 'வேண்டாம்' என்பதற்கும் அதே 'ஃபைன்'தானாம். வீட்டில் மீன் கழுவும்போதும் சொற்களை முணுமுணுத்தேன்.

"புள்ளைக்கு ஜின் பிடிச்சிட்டோ?" என்றார் உம்மா.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. சொல்லை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. யார் சொல்கிறார், என்ன முகத்தோடு, கையில் என்ன வைத்துக்கொண்டு? ஊரில் ஒரே பெயர்க்காரரை வாப்பாவின் பெயரைக் கொண்டுதானே பிரிக்கிறோம்! மேனேஜர் மேடம் மெல்லத் தலையாட்டத் தொடங்கினார்.

ஆனால் விடுதியின் ஒரு விதி எனக்கு ஒத்துவரவில்லை. கடலில் இறங்கப் போகிற எவரிடமும் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு, சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் கடலுக்கு இறங்குபவரிடம் அதைக் கேட்கவே மாட்டோம். மிஞ்சினால் "தூரமா?" என்போம். யாராவது மறந்து கேட்டுவிட்டால் வாப்பா திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். சகுனம் பார்ப்பது ஹராம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்வார். வாப்பா "ஓம் ஓம்" என்பார், ஆனாலும் யாராவது கேட்டுவிட்டால் உட்காரக் கதிரையைத் தேடுவார். அதனால் நான் கேட்காமல், அவர்கள் நடக்கிற திசையைப் பார்த்துப் பலகையை நிரப்பி வந்தேன்.

ஒரு நாள் கயாக் தோணியில் போகத் துடுப்போடு ஒரு பெண்மணி மேசைக்கு வந்தார். காற்றைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கதைத்தோம், ஒரு சொல்லும் எனக்குத் தவறவில்லை. ஏதோ கேட்பேன் என்பதுபோலச் சற்று நின்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டுப் போனார். அந்நேரம் போன் அடித்ததால் திசையைப் பார்க்கவில்லை.

பின்னேரம் காற்று ஏறியது. அவர் வரவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் மேடம். பலகை வெறுமையாக இருந்தது. வேலை போகட்டும், அந்த மனுசி வந்தால் போதும் என்றிருந்தது. கரைக்கு ஓடினேன். விடுதிப் படகை ஓட்டுகிற என் கூடப்பிறந்த நானா அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொரு படகும் ஆயத்தம். ஒன்று வடக்கே தீவுப் பக்கம், மற்றது தெற்கே ஆலங்குடாப் பக்கம் போக வேண்டும். நானா எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் மற்றப் படகு கிளம்பலாம். கரையில் நின்ற எவரும் அதைக் கேட்க வாய் திறக்கவில்லை, எல்லோரும் எங்களைப்போலக் கடலுக்குப் போகிற ஆட்கள்தானே.

"நானா, எங்க போறீங்க?"

என் குரல்தான். நானா அடிபட்டவர்போலத் திரும்பினார். படகிலிருந்து கையை எடுத்தார். உட்கார்ந்துவிடுவாரோ என்று உயிரே போனது.

"தீவுப் பக்கம்" என்றார். பிஸ்மில்லா சொல்லித் தள்ளினார்.

இருட்டும் முன் அந்தப் பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணல்திட்டில் ஒதுங்கியிருந்தாராம். தேத்தண்ணி வேண்டுமா என்றேன். 'ஃபைன்' என்றார், உதடு நடுங்கியது. கொண்டுபோய் வைத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நானா படகைக் கட்டிவிட்டு, என்னைப் பாராமல் வீட்டுக்குப் போனார்.

மேடம், "நாளைக்கு வா, ஒருவரையும் கேட்காமல் விடாதே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நானா கடலுக்குப் போகும் வழியில் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேளு, தங்கச்சி" என்றார்.

கேட்டேன். சொன்னார். எழுதினேன். அவர் திரும்பி வரும்வரை அன்று என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை.