சும்மா பார்ட்டி

திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர் ஒரு புரோக்கர். கஞ்சி போட்டு மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, கண்ணில் போடாமல் தலையில் ஏற்றி வைத்த கூலிங் கிளாஸ். அவர் யார் பெயரையும் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு வைத்திருப்பவர், வீடு தேடுபவர், வழியில் வண்டியை மறித்து வம்பு பேசுபவர், எல்லோருமே அவருக்குப் பார்ட்டிதான்.

நாகல் நகர் பக்கம் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. என்னை பைக்கில் ஏற்றுமுன் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். "கையில அருமையான பார்ட்டி இருக்கும்மா. செத்த நேரத்துல வாரேன்."

போய் இறங்கினால் அந்த அம்மா கேட்டை மறித்து நின்றார். "பார்ட்டி கீர்ட்டியெல்லாம் இங்க ஆகாது. முன்னாடி இருந்த பசங்க மொட்டைமாடி பூராம் பாட்டிலாப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் பார்ட்டி இல்லம்மா. பார்ட்டியே இவருதான்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பார்ட்டி? கொடி கட்டுற ஆளுகளுக்கும் வீடு கெடையாது."

"கட்சியெல்லாம் இல்லம்மா. இவரு சும்மா பார்ட்டி."

லாட்ஜ் வாசம் எனக்கு அலுத்துப் போயிருந்தது. இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

கிளம்பும்போது புரோக்கர் கேட்டருகே நின்று யாருக்கோ போனில் சொன்னார்: "முடிஞ்சிருச்சுண்ணே. பார்ட்டி கொஞ்சம் கிறுக்குதான். ஆனா நல்ல பார்ட்டி."

நானும் வீட்டுக்கார அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புரோக்கர் என்னைத்தான் சொன்னதாக அந்த அம்மா இன்றும் சாதிக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.