வெண்டலின் உட்கார்ந்த சீட்

லோதார் கூரை இல்லாத கார் வாங்கப் போறான்னு சேதி வந்தப்ப, எங்க ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது. ஏன்னா பஸ்ஸுல ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் கழுத்து பிடிச்சுக்கும்னு இடம் மாறி உட்கார்ற ஆளு அவன். ஜூன் மாசத்துலயும் கழுத்துல துண்டு. குட்டை, ஒல்லி, ஓயாத வாய். முப்பது வருஷம் பனியன் மில்லுல மெஷின் ஓட்டினான். மில்லை மூடினாங்க. அப்புறம் ஊர் நீச்சல் குளத்துல டிக்கெட் கிழிக்கிற வேலை. இந்த ஆல்ப் மலை மேல அது மாதிரி ஆளுங்க நிறைய பேரு இருக்கோம். நான் பழைய டயரும் பழைய காரும் வச்சு பொழைக்கிறவன். எனக்குப் படிப்பு ஏறல, கார் ஏறிச்சு.

லோதாரோட சம்சாரம் ரோஸ்விதா பேக்கரி கவுண்டர்ல நிக்கிறா. ஊர்ல நடக்கிறது முதல்ல அவ காதுக்கு வரும், ரெண்டாவது என் காதுக்கு வரும். அவளுக்கு இந்தக் கார் பிடிக்கல. ஆனா "அறுபது ஆகறதுக்குள்ள ஒரு தடவை மண்டையில வெயில் பட வண்டி ஓட்டணும்"னு புருஷன் கெஞ்சினான். சரி, ஓட்டித் தொலைன்னுட்டா.

கார் யாரோடதுன்னா, மர வியாபாரி வெண்டலினோடது. ஆளு கதவு மாதிரி அகலம். பேச்சே கிடையாது, எதுக்கும் "ம்" மட்டும்தான். எதிர்ல வண்டி வந்தா ஸ்டியரிங்குல இருந்து ஒத்தை விரலைத் தூக்குவார், அதுதான் வணக்கம். கரும்பச்சை கலர், தோல் சீட், ஒரு பட்டனைத் தட்டினா கூரை தானா மடிஞ்சு பின்னாடி போற கார். ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து போயிட்டு வந்து, கராஜுலயே சீட்டுல சாஞ்சுட்டார். ரேடியோவுல ஃபுட்பால் ஓடிட்டிருந்துச்சு. சம்சாரம் ஹெட்விக் அம்மா காபி கொண்டு வந்து பக்கத்துல வச்சுட்டு, கதையெல்லாம் பேசிட்டுப் போயிருக்காங்க. அவர் பதில் சொல்லாதது புதுசா என்ன? சாயங்காலம் வந்து பார்த்தா காபி அப்படியே இருக்கு. அப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் அந்தக் கார் வெளிய வரல.

இது லோதாருக்குத் தெரியாதான்னு கேட்பீங்க. நல்லாவே தெரியும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைச்சான். எங்க ஊர்க்காரனுக்கு சாவும் ஒரு தள்ளுபடி. "ஆளு செத்த சீட்டுல உட்காரணுமேம்மா"ன்னு அவன் இழுக்க, அந்த அம்மா கோவிச்சுக்கவே இல்ல. "அதுல உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராதுப்பா"ன்னாங்க, கட்டில் மெத்தையைப் பத்திச் சொல்ற மாதிரி.

வண்டி என் பட்டறைக்கு வந்துச்சு. கூரைத் துணி எலி கடிச்சு கந்தல். கூரையை மடிக்கிற குழாய் எல்லாம் எண்ணெய் ஒழுகுது. ரப்பர் தொட்டா உதிருது. ஒவ்வொண்ணா மாத்தினோம். சீட்டை மட்டும் லோதார் தொட விடல. தோல் புதுசு மாதிரி இருக்கு, அதுக்கு எதுக்கு தண்டச்செலவுன்னுட்டான்.

புது பேட்டரி மாட்டின அன்னைக்கு லோதார் ஏறி உட்கார்ந்தான். மூக்கு ஸ்டியரிங்குல இடிக்கிற அளவுக்கு சீட்டை முன்னாடி இழுத்து வச்சான். சாவியைத் திருப்பினேன். சீட்டுக்குள்ள மோட்டார் முனகுச்சு. லோதாரைத் தூக்கிக்கிட்டு சீட் பின்னாடி போகுது, இறங்குது, சாயுது. அப்புறம் கண்ணாடி மூணும் திரும்புச்சு, அவன் தலைக்கு மேல ஒரு சாண் உயரத்துல யாரோ இருக்கிற மாதிரி. அந்த மாதிரி கார்ல ஓட்டுறவன் அளவை வண்டி ஞாபகம் வச்சுக்கும், அது எனக்கும் தெரியும். ஆனா ஏழு வருஷம் பேட்டரி செத்துக் கிடந்த வண்டிக்கு எதுவும் ஞாபகம் இருக்கக் கூடாது. லோதார் சிரிச்சான். "எனக்கு முன்னாடியே ஒருத்தர் ஏறிட்டாருடா அர்னோ"ன்னான். திரும்ப முன்னாடி இழுத்தான். மறுநாள் காலையில பார்த்தா சீட் பின்னாடி இருக்கு. ஒயரைப் பார்த்தேன், ஃபியூஸை மாத்தினேன், தினம் அதே கதைதான்.

மே மாசம் முழுக்க அவன் சீட்டோட மல்லுக்கட்டினான். ஜூன்ல விட்டுட்டான். பழகிடுச்சுன்னான். நானும் சரின்னுட்டேன். ஒரு நாள் பெட்ரோல் பங்குல அவன் வண்டி பக்கத்துல நின்னு பேசிட்டிருந்தேன், எதேச்சையா கீழே பார்த்தேன். சீட் கடைசி வரைக்கும் பின்னாடி இருக்கு. லோதாரோட கால் பிரேக்குல சாதாரணமா, மடங்கி இருக்கு. முதுகு சீட்டுல ஒட்டியிருக்கு. என் உசரம் அவனை விட ஒரு தலை ஜாஸ்தி, எனக்கே அங்கிருந்து எட்டாது. கேட்டா என்ன பதில் வரும்னு பயமா இருந்துச்சு.

கழுத்துத் துண்டு காணாமப் போச்சு. வாயும் குறைஞ்சுது. ரோட்டுல பார்த்தா கத்திக் கூப்பிடுறவன், ஒத்தை விரலைத் தூக்கிட்டுப் போறான். சாராயக்கடையில எல்லாரும் தட்டுல பருப்பு வச்சுத் தின்னுட்டிருக்கப்ப, இவன் புளிப்புக் குடல் கறி கேட்டான். அந்த வாசனை வந்தாலே வாந்தி எடுக்கிறவன் அவன். வெண்டலினுக்கு அதுதான் உசிரு. மூலை மேஜைக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. லோதார் ரொட்டியால தட்டை வழிச்சுத் தின்னுட்டு "ம்"னான்.

பேக்கரியில ரோஸ்விதா என்னைப் பார்க்கிற பார்வையே மாறிடுச்சு. எல்லாரும் போற வரைக்கும் நிக்க வச்சா. ராத்திரி கட்டில்ல பக்கம் மாறிப் படுக்கிறானாம், எப்பவும் நடுவுல குழியிற கட்டில் இப்ப அவன் பக்கம் தாழுதாம். எடை பார்க்கச் சொன்னாளாம், அதே அம்பத்தெட்டு கிலோதானாம். காரை வித்துடுன்னு சொன்னா சாவியை எடுத்துக்கிட்டு வெளிய போயிடுறானாம். எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

"அர்னோ, நேத்து என் பேரை யோசிச்சுச் சொன்னான். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு, அவன் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிட்டிருக்கான்."

எங்க ஊர்ல திறந்த கார்ல பாதிக்கு ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் நம்பர் பிளேட். வரி மிச்சம். அக்டோபர் கடைசி நாள் எல்லாரும் வண்டியைக் கொண்டு போய் மூடி வைப்பாங்க. லோதாருக்கு என் பட்டறைக் கொட்டாயில இடம் பேசியிருந்தோம். மத்தியானம் வர்றதா சொன்னவன் நாலு மணி ஆகியும் வரல. மலை மேல பனி இறங்கி எதிர் வீடு தெரியல. ரோஸ்விதா மாவுக் கையோட ஓடி வந்தா. எங்க போயிருப்பான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நேரா ஹெட்விக் அம்மா வீட்டுக்கு நடந்தோம்.

கராஜ் கதவு திறந்திருந்துச்சு. உள்ள கார், ரேடியோ மெல்ல ஓடுது. லோதார் சாஞ்சு உட்கார்ந்திருக்கான், இடது முழங்கை கதவு மேல. பக்கத்துல காபி, ஆவி பறக்குது. ஹெட்விக் அம்மா ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து, ப்ளம்ஸ் விலை ஏறிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிட்டிருந்தாங்க. எங்களைப் பார்த்து ஒண்ணும் ஆச்சரியப்படல.

ரோஸ்விதா கார் ஜன்னல் பக்கம் போனா. லோதார் நிதானமா திரும்பிப் பார்த்தான். ரொம்ப மரியாதையா கேட்டான்.

"யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?"

ரோஸ்விதா அழுவான்னு நினைச்சேன். அழல. கவுண்டர்ல புது ஆளுகிட்ட பேசுற குரல்ல சொன்னா:

"என் வீட்டுக்காரரைத் தேடறேங்க. இந்தக் கார் வாங்க வந்தார். குட்டையா இருப்பார், கழுத்துல துண்டு கட்டியிருப்பார்."

அவன் யோசிச்சான். நிஜமாவே ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி.

"வந்தாரு. நல்ல மனுஷன். விலை படியல."

"அப்போ நான் வாங்கிக்கிறேங்க"ன்னா ரோஸ்விதா. "ஆனா உட்கார்ந்து பார்க்காம வாங்க மாட்டேன். கொஞ்சம் இறங்குங்க."

அவன் ஹெட்விக் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா கையில இருந்த துணியை மடிச்சாங்க, பிரிச்சாங்க, மடிச்சாங்க. வாங்க வந்தவங்களை உட்கார விடாம விக்கிறது எங்க ஊர்ல அசிங்கம். கடைசியில தலையை ஆட்டினாங்க. அவன் கதவைத் திறந்தான். ஒரு கால் வெளிய வச்சான், அப்புறம் இன்னொரு கால். இறங்கி நின்னவன் பழைய குட்டை லோதார்தான், வெண்டலின் அளவு பேண்ட் தரையில புரளுது. கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"இந்தக் கதவை யாரு திறந்து போட்டது, காத்து அடிக்குதுல்ல? ரோஸி, என் துண்டு எங்க?"

ரோஸ்விதா அவனை இழுத்து மார்போட அணைச்சுக்கிட்டா. அவன் தலைக்கு மேல என்னைப் பார்த்து, "அர்னோ, அந்தச் சனியனைக் கழட்டு"ன்னா.

சுவத்துல தொங்கின ஸ்பானரை எடுத்தேன், நாலே போல்ட்தான், ஆனா நாப்பது மாதிரி இருந்துச்சு. ஒயரை வெட்டினேன். சீட்டைத் தூக்கறப்ப தோல் சூடா இருந்துச்சு. இப்பதான எழுந்தான், சூடு இருக்காதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஹெட்விக் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "மெதுவா." சீட்டை அங்கேயே வச்சுட்டு, நான் பீர் பெட்டியைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்து வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். ரோஸ்விதா புருஷனை ஏற விடல. ரெண்டு பேரும் பனிக்குள்ள கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாங்க. அவன் வழி முழுக்கப் பேசிக்கிட்டே போனது எனக்குக் கேட்டுச்சு.

கார்ல இப்ப ஒரு பால் வேன்ல இருந்து கழட்டின துணி சீட். அசிங்கமா இருக்கு. இந்த ஏப்ரல்ல இருந்து ரோஸ்விதாதான் ஓட்டுறா, லோதார் பக்கத்துல உட்கார்ந்து குறை சொல்லிக்கிட்டே வர்றான்.

போன வாரம் ஹெட்விக் அம்மா என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. கராஜ் நடுவுல பலகை மேல அந்த சீட் இருந்துச்சு, எதிர்ல ஸ்டூல். சின்ன பேட்டரி ஒண்ணு வாங்கி வச்சிருந்தாங்க. "நிமிர்ந்தே உட்கார்ந்தா அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கும்ப்பா, அந்த ஒயரைக் கொஞ்சம் சேர்த்து விடேன்"னாங்க. பாவமா இருந்துச்சு. சேர்த்து விட்டேன். நான் நிமிர்ந்தப்ப அவங்க ரெண்டு கையிலயும் காபித் தட்டு. பட்டன் பக்கத்துல யாரும் இல்ல. மோட்டார் முனகுச்சு, சீட் மெதுவா சாஞ்சுது, நின்னுச்சு.

"போதுமா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட இல்ல.