சோணைமுத்துவின் சாவியும் எங்கள் பதினொரு மோட்டாரும்

சோணைமுத்துவை எனக்குப் பிடிக்காது. ஊரில் யாருக்குமே பிடிக்காது என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. எழுமலைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் பேரூராட்சிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன். வால்வு திறக்கிற நீள இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் வருவான். "எப்பண்ணே தண்ணி?" என்று கேட்டால், "வரும்போது வரும்" என்பான். நின்று பதில் சொல்கிற பழக்கமே கிடையாது.

அவன் அப்பா பெயர் கருப்பு. எங்கள் தெருக்காரர்களின் வயலில் கூலிக்கு நின்றவர். இவன் பத்தாவதில் ஃபெயில். ஊருக்குள் பைப் பதித்தபோது குழி வெட்ட வந்தான். எந்தப் பைப் எங்கே வளைந்து எங்கே போகிறது என்பதற்கு ஆபீசில் ஒரு காகிதம்கூட இல்லை, எல்லாம் இவன் தலைக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம். இந்த வருஷம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் ஏறியிருந்தது. ஒரு புகார் போனால் போதும், பெயரை அடித்துவிடுவார்கள். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

தொடர்ந்து இரண்டாவது வருஷமும் மழை இல்லை. வைகையிலிருந்து வருகிற குடிநீர் பாதியாகிவிட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை என்றானது. எங்கள் கடைத்தெருவில் பதினொரு வீட்டில் குழாயில் நேராக மோட்டாரை மாட்டியிருந்தோம். சட்டப்படி தப்புதான். எந்த ஊரில் மாட்டவில்லை? நாங்கள் சுவிட்சைப் போட்டால் கடைசியில் இருக்கும் மேட்டுத்தெருவுக்கு வெறும் காற்றுதான் போகும். அங்கே தெருமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி, குழாயை அறுத்து, குழிக்குள் உட்கார்ந்து டம்ளரில் பிடித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். சோணைமுத்துவின் வீடும் அங்கேதான்.

அவன் ஒரு வேலை செய்தான். கரண்டு எப்போது நிறுத்தப்படும் என்று லைன்மேன் அழகுபாண்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, கரண்டு போனதும் மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறப்பான். எங்கள் மோட்டார் ஓடாது. கரண்டு வருவதற்குள் மூடிவிடுவான். எங்களுக்கும் தண்ணீர் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வீட்டுக்கு எட்டுக் குடம். மேட்டுத்தெருவுக்கும் அதே எட்டுக் குடம். மாடி வைத்துக் கட்டிய வீட்டுக்கும் எட்டு, தகரக் கூரைக்கும் எட்டு என்றால் அது என்ன நியாயம்?

மூன்று முறை தற்செயல் என்றுதான் நினைத்தோம். நாலாவது முறை நான்தான் கண்டுபிடித்தேன். கணக்கு டீச்சரிடமா வேலையைக் காட்டுகிறான்? தெருவில் வைத்தே மறித்தேன்.

"கரண்டு இல்லாத நேரமாப் பாத்துத் தொறக்குறீங்களா?"

"ஆமா."

"எங்களப் பாத்தா எளக்காரமா இருக்கா?"

"மோட்டாரக் கழட்டுங்க டீச்சர். கரண்டு இருக்கும்போதே தொறக்குறேன்."

சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மேட்டுத்தெருக்காரர்களாவது அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் மூடிவிடுகிறான், மிச்சத்தைக் கடைத்தெருவுக்கு விற்கிறான் என்று அங்கே பேச்சு. அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு குழாயடியில் குடத்தை வைத்தால் காலால் தள்ளுவார்கள். "சாவி ஒன் வீட்லதான இருக்கு, இங்க என்னத்துக்கு வார?" என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் அவனுக்குத் திட்டு விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன்.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கியது. வீடு நிறைய விருந்தாள் வருவார்கள், எட்டுக் குடத்தில் என்ன செய்ய? எங்கள் தெருவில் பந்தல் போடுகிற பாண்டிராஜ், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தார். யோசனை என்னுடையது.

"அண்ணே, மைக் செட்டுக்கு ஓடுறது மோட்டாருக்கு ஓடாதா?"

"அட, தாராளமா ஓடும் டீச்சர்!"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்டு போனது. குழாயில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஜெனரேட்டரைக் கிளப்பினோம். பதினொரு மோட்டாரும் ஒரே நேரத்தில் உறிஞ்சின. தொட்டிகள் ரொம்பின. தெருவே சிரித்தது. வால்வடியிலிருந்து சோணைமுத்து ஓடி வந்தான்.

"நிப்பாட்டுங்க! இம்புட்டு மோட்டாரும் சேந்து இழுத்தா சாக்கடைய இழுக்கும்! சாக்கடைக்குள்ள போற பைப்புல கீறல் இருக்கு! வால்வ மூடுனா பைப்புல தண்ணியில்லாம இன்னும் மோசம், மொதல்ல மோட்டார நிப்பாட்டுங்க!"

ஜெனரேட்டர் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி எல்லோரும் நின்றோம். எனக்கு நன்றாகவே விழுந்தது.

நாங்கள் நிறுத்திய பிறகு பைப்பில் மிச்சம் நின்ற தண்ணீர் மேட்டுத்தெருவுக்கும் போயிருந்தது. திங்கட்கிழமைக்குள் இரண்டு தெருவிலுமாக இருபத்தாறு பேருக்கு வாந்தியும் பேதியும். ஒன்பதாவது படிக்கிற என் மகள் வர்ஷினிக்கு மூன்று பாட்டில் குளுகோஸ் ஏறியது. கண் செருகிக் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் மனுவை எழுதினேன். கழிவுநீர் கலந்த குடிநீரை அலட்சியமாகத் திறந்துவிட்ட சோணைமுத்து மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முத்து முத்தாக எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினேன்.

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் நின்றான். ஜெனரேட்டர் வைத்து உறிஞ்சியதைச் சொன்னான். அதிகாரி பாண்டிராஜிடம் கேட்டார்.

"அன்னைக்கு ஜெனரேட்டர் சோழவந்தான்ல ஒரு கல்யாணத்துல ஓடுச்சு மேடம்" என்றார் அவர், கண்ணை இமைக்காமல்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றதத்தான் எழுதப் போறேன். ஓடலைன்னா இவருக்கு வேலை போயிரும். ஜெனரேட்டர் ஓடுச்சா, இல்லையா?"

பதினொரு வீட்டுக்காரர்களும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் அந்த இருபத்தாறு பேரையும் படுக்க வைத்தது நான் என்றாகிவிடும்.

"ஓடல மேடம்."

சோணைமுத்து கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"டீச்சர், ஒங்க பிள்ளையுந்தான ஆஸ்பத்திரில கெடந்துச்சு? அதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தாலும் இதத்தான் சொல்லுவீங்களா?"

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் மகளைச் சபைக்கு இழுக்க இவன் யார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடலைன்னு சொல்லிட்டேன்ல மேடம், எழுதிக்கோங்க" என்றேன்.