கருத்தம்மாள் ஏறிய ஜீப்பு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஏலக்காய் மூட்டை தூக்கி, கிளீனராகி, டிரைவராகி, இன்றைக்கு அனுமந்தன்பட்டியில் ஆறு ஜீப்புக்குச் சொந்தக்காரன். எவன் தயவிலும் முன்னுக்கு வரவில்லை. அதனால் எவனைப் பற்றியும் உள்ளதை எழுதுவேன். படித்தவர்கள் மந்திரியைப் பற்றி எழுதிக்கொள்ளட்டும். நான், நானே ஓட்டுகிற ஜீப்பில் வேலைக்குப் போகும் கருத்தம்மாளைப் பற்றி எழுதுகிறேன்.

அவளை வடுகபட்டியில் முத்துப்பாண்டி என்ற பூண்டு வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வெளியில் வாயைத் திறந்தால் வெல்லம். மார்க்கெட்டில் ஒரு சுமைதூக்கி முறைத்தால்கூடப் பதில் பேசாமல் நகர்ந்துவிடுகிற ஆள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவனுக்கு வீரம் வரும். அந்த வீரத்தில் அவளுக்கு இடது காது போயிற்று. ஒருநாள் துணிப்பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காது எப்படிப் போனது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றுதான் கேட்டார்கள். ஒச்சாண்டி என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். அப்பன் விட்டுப்போன தோப்பைத் தவிரச் சொந்தமாக ஒரு மரம் வைத்ததில்லை. அவர் வந்து, "பொம்பளைன்னா கொஞ்சம் அடங்கித்தான் போகணும் ஆத்தா" என்று நியாயம் சொன்னார். அவர் தன் வீட்டம்மாவிடம் அடங்கிப் போகிற அழகை ஊரே பார்த்திருக்கிறது.

எங்கள் பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளா பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மலை ஏறும் முன் அடிவாரத்துச் சாமிக்கு ஒருத்தி இறங்கிச் சூடம் கொளுத்த வேண்டும். அவள் புருசனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். கொளுத்தியவளுக்கு முன் சீட்டு. அந்த மரியாதை எப்போதும் பஞ்சம்மாளுக்கு. கருத்தம்மாளுக்கோ பின்கதவு ஓரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு. தோள் உரச ஒருத்தியும் உட்கார மாட்டாள்.

அவள் வரத் தொடங்கிய வாரமே கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது. பஞ்சம்மாள் தொடங்கிவிட்டாள்.

"புருசன விட்டுட்டு வந்தவள ஏத்துனா வண்டி எப்படி ஏறும்? அய்யா, நாளைக்கு அவ வந்தா நாங்க வேற ஜீப்பு பாத்துக்கிறோம்."

"தேஞ்சது கிளட்ச் பிளேட்டு. எவ புருசனோட இருக்கா, எவ இல்லைன்னு அதுக்குத் தெரியுமாக்கும்? போறவுக போங்க" என்றேன்.

ஒருத்தியும் போகவில்லை. என் வண்டி மாதிரி வாசலுக்கு வர வேறு எவன் இருக்கிறான்? ஆனால் முணுமுணுப்பு நிற்கவில்லை. ஜீப்பில் இடம் போனால் வேலை போகும். வேலை போனால் அவள் வடுகபட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். அதை நினைத்து அவள் வாயே திறப்பதில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர்களைக் கூட்டிவரத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் செடிக்கடியில் குந்திக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாள் கழுத்தில் அட்டை ஏறியதைப் பஞ்சம்மாள் பார்த்து, தட்டிவிடக் கையை ஓங்கினாள். அவ்வளவுதான். கருத்தம்மாள் கூடையை எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டாள். "பேச மாட்டேன், இனிமே பேச மாட்டேன்."

பஞ்சம்மாள் கை அந்தரத்தில் நின்றது. "அட்டைடி... கழுத்துல அட்டை ஆத்தா" என்றாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்தாள். மெதுவாக ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோளுக்குக் கீழே கறுத்த தழும்பு.

"இஸ்திரிப் பெட்டி. அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு ஊருக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

இன்னொருத்தி கோணல் விரலை நீட்டினாள். அடுத்தவள் பல்லைக் காட்டினாள். நான் டயரைப் பார்க்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய்விட்டேன். ராசியான சுமங்கலி என்று நாங்கள் முன் சீட்டில் ஏற்றி வைத்த லட்சணம் இதுதான். த்தூ! எங்கள் ஊர் ஆம்பளைகளின் மீசையும் அவர்கள் நியாயமும்!

மறுநாள் பஞ்சம்மாள் முன் சீட்டை விட்டுப் பின்னால் போய், கருத்தம்மாளுக்குக் கேட்கிற வலது காதுப் பக்கம் உட்கார்ந்தாள். பயம் ஒரு நாளில் போகிற சரக்கா? அதற்கு அவர்களே ஒரு வழி கண்டார்கள். அவள் பக்கத்தில் கையைத் தூக்குகிறவள், "கருத்தம்மா, கை வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொஞ்ச நாளில் அது கேலியாயிற்று. "கை வருது, தொவையலும் வருது, வாங்கிக்க!" என்பார்கள். அவள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு மற்றவர்கள் முதுகில் அவளே தட்டிப் பேசினாள். எந்த வீட்டிலாவது அடி விழும் சத்தம் கேட்டால், ஜீப்புப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வாசலில் போய் நின்றார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள், நிற்பார்கள். உள்ளே இருக்கிற வீரனுக்கு அதுவே தாங்காது.

போன தை மாதம் விடிகாலை, ஜீப்பு நிற்கிற இடத்துக்கு முத்துப்பாண்டி வந்தான். அதே வெள்ளைச் சட்டை. கூட ஒச்சாண்டி.

"மாப்பிள்ளையே எறங்கி வந்திருக்காக. கோவத்த விட்டுட்டுக் கெளம்பு ஆத்தா" என்றார் ஒச்சாண்டி.

கருத்தம்மாள் நகரவில்லை. முத்துப்பாண்டி மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினான். ஊர்ப் பெண்களின் பயம் அவனுக்குத் தெரியுமே.

"இவளையா ஏத்திட்டுப் போறீக? புருசன் சாபம் வாங்குனவ. இவ ஏறுன வண்டி வீடு போய்ச் சேராது."

"மூணு வருசமா நல்லாத்தான்யா சேருது. உன் வீட்டுக்கு மட்டுந்தான் சேரல" என்றாள் பஞ்சம்மாள்.

ஜீப்பே சிரித்தது. அடிக்கிறவனுக்கு எதிர்த்து அடித்தால்கூடத் தாங்கும், சிரிப்புத் தாங்காது. மூஞ்சி கறுத்து, கருத்தம்மாள் மேல் கையை ஓங்கினான்.

"கருத்தம்மா, கை வருது!" அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவள் குனியவில்லை. தலையைப் பொத்தவில்லை. அந்தக் கையையே பார்த்தாள்.

"வரட்டும். பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

தூக்கிய கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதைக் கொண்டு தலைமுடியைக் கோதிக்கொண்டான். ஒச்சாண்டிக்குத் திடீரென்று செல்போனில் பார்க்க ஏதோ இருந்தது.

"அய்யா, நேரமாச்சு. வண்டிய எடுங்க" என்று ஏறினாள் கருத்தம்மாள்.

அடிவாரத்தில் பஞ்சம்மாள் தீப்பெட்டியை அவளிடம் நீட்டினாள். அவள்தான் இறங்கிச் சூடம் கொளுத்தினாள். அன்றைக்கும் வளைவில் வண்டி ஒரு தரம் திணறியது. பழைய வண்டி. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.